கல் அறுத்தவர் வீட்டில் கீற்றுக் கூரை

(தஞ்சாவூரில் நண்பர்கள் நடத்தும் வாசிப்பு வட்டத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

போன வருடம் மரபுக் கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றிய ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தேன். பார்வையாளனாகத்தான். மேடையில் இருந்த மேசை மேல் ஒரு பழைய செங்கல் வைத்திருந்தார்கள். சுமார் ஆறு அங்குல நீளம், மூன்று அங்குல அகலம், கனம் ஓர் அங்குலம். மெட்ராஸ் டெரஸ் என்கிறோமே, அந்தத் தளத்துக்கு மரச் சட்டங்களின் மேல் குத்துக்கல்லாகச் சாய்த்துச் சாய்த்து அடுக்குகிற அச்சுக்கல். பேசியவர் அதைக் கையில் எடுத்து, குழந்தையைத் தூக்குவது மாதிரி தூக்கிக் காட்டினார். இந்தத் தொழில் அழிந்துகொண்டிருக்கிறது, ஒரு பழைய சூளையையாவது அப்படியே காப்பாற்றி, கல் அறுப்பதையும் ஓடு செய்வதையும் வருகிறவர்களுக்குச் செய்து காட்ட வேண்டும் என்றார். நல்ல யோசனை. எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன்.

ஊருக்குப் போனபோது அப்பாயியிடம் இதைச் சொன்னேன். அவர் இருபது வருடத்துக்கு மேல் சூளையில் கல் அறுத்தவர்.

"பாக்குறதுக்குக் காசு வாங்குவாங்களாடா தம்பி?"

"ஆமா அப்பாயி, டிக்கெட் போடுவாங்க."

"அறுக்குறவளுக்கு ஆயிரத்துக்கு எவ்வளவாம்?"

என்னிடம் பதில் இல்லை. கருத்தரங்கில் அதை யாரும் கேட்கவில்லை. சூளைக் காசில் படித்து ஆராய்ச்சிக்கு வந்த நானும் கேட்கவில்லை. இன்று நான் பேசப்போவது அந்தக் கேள்வியைத்தான்.

நம் டெல்டாவில் கல் கிடையாது. பெரிய கோயிலைப் பார்த்துப் பார்த்து இது கருங்கல் நாடு என்று நினைத்துக்கொள்கிறோம். அந்தக் கருங்கல் வெளியிலிருந்து வந்தது. இங்கே தோண்டினால் வண்டல், அதன் கீழே களி, ஆற்றோரமாக மணல். எனவே இங்கே எழுந்த பெரும்பாலான கட்டடம் சுட்ட மண்தான். பூம்புகார் பக்கம் கீழையூரில் படகுத்துறை என்று தொல்லியலாளர்கள் சொல்லும் செங்கல் கட்டுமானம் கிடைத்தது. பல்லவனேச்சரத்தில் புத்த விகாரையின் செங்கல் அடித்தளம் கிடைத்தது. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி கற்றளிகளாக மாற்றிக் கட்டிய கோயில்களில் பல அதற்கு முன் செங்கல் கோயில்கள். இதோ இந்த ஊர் அரண்மனை, அதன் கூடகோபுரம், எல்லாம் செங்கல்லும் சுண்ணாம்பும். சாந்தில்கூடச் செங்கல் இருக்கிறது: கல்லை இடித்துத் தூளாக்கிச் சுண்ணாம்போடு சேர்த்தால் அதுதான் சுருக்கி.

ஆக, டெல்டாவின் வரலாற்றை நெல்லால் எழுதலாம் என்றால் செங்கல்லாலும் எழுதலாம். அப்படி எழுத உட்காரும்போதுதான் ஒரு செப்பேடு குறுக்கே வந்து நிற்கிறது.

திருவாலங்காட்டுச் செப்பேடு. ராஜேந்திர சோழனின் 6-ஆம் ஆட்சியாண்டு ஆணை. பழையனூர் என்ற ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்த ஆவணம். ஊரைக் கொடுக்கும்போது அதனோடு சேர்த்து என்னென்ன உரிமைகள் என்று ஒரு பட்டியல் வருகிறது. சுட்ட செங்கல்லால் மாட மாளிகை எடுத்துக்கொள்ளலாம். கிணறு வெட்டிக்கொள்ளலாம். தென்னந்தோப்பு வைக்கலாம். பெரிய செக்கு இடலாம். அதே பட்டியலில், அதே மூச்சில் இன்னொன்றும் வருகிறது: இந்த ஊர்த் தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறக்கூடாது. இது ஒரு செப்பேட்டில் மட்டும் வரும் விசித்திரம் இல்லை. சோழர் காலக் கொடை ஆவணங்களில் திரும்பத் திரும்ப வரும் வாய்பாடு.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சுட்ட கல்லில் வீடு கட்டலாம் என்று அரசன் செம்பில் வெட்டித் தர வேண்டியிருந்தது என்றால், அப்படி வெட்டித் தரப்படாதவர்கள் எதில் கட்டினார்கள்? செப்பேடு அதைச் சொல்லாது. ஆனால் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வரி நீக்கிய நிலங்களைக் கணக்கெடுக்கும்போது ஊர்நத்தம், பறைச்சேரி, கம்மாணச்சேரி, ஈழச்சேரி, தீண்டாச்சேரி என்று தனித்தனியாக வருகிறது. தீண்டாமையை வெள்ளைக்காரன் கண்டுபிடித்தான் என்று இன்னும் மேடையில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒருமுறை அந்த அதிட்டானத்தைச் சுற்றி நடந்தால் போதும்.

இன்னொரு கல்வெட்டு கொங்கு நாட்டில், பேரூர், கரூர்ப் பக்கம் கிடைத்தது. கம்மாளர்களுக்கு அரசன் சில உரிமைகள் தருகிறான். நன்மை தின்மைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், கொட்டு கொட்டலாம், செருப்புப் போட்டுக்கொள்ளலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். கோயிலையும் மாளிகையையும் எழுப்பிய கைவினைஞர்கள் தங்கள் சொந்தச் சுவரில் சாந்து பூச ஓர் அரசாணை தேவைப்பட்டிருக்கிறது! கம்மாளர்களுக்கே இந்த நிலை என்றால், சேரியில் இருந்தவர்களுக்கு யாரும் ஆணை எழுதவில்லை.

செங்கல் என்பது ஒரு பொருள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆவணங்களைப் படிக்கப் படிக்க, அது ஒரு தகுதியாகவும் இருந்தது என்று புரிந்தது. மண் எல்லோருக்கும் பொது. அதைச் சுட்டு, அதற்குள் குடியிருப்பது பொது இல்லை.

பாதுகாப்பு பற்றிப் பேசுவதால் நாகப்பட்டினத்தையும் சொல்லிவிட்டுப் போகிறேன். ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசன் அங்கே சூடாமணி விகாரை கட்டினான். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊர் கொடுக்கப்பட்டது, லெய்டன் செப்பேடு என்கிறோமே, அது அந்தக் கொடைதான். நாகப்பட்டினத்தில் பௌத்தர்களுடையது என்று ஆய்வாளர்கள் சொல்லும் ஒரு செங்கல் கோபுரம் 19-ஆம் நூற்றாண்டு வரை நின்றது. மூன்று நிலை. அதைப் பார்த்து எழுதிய வால்டர் எலியட், கல்லோடு கல் சாந்தில்லாமல் அவ்வளவு நெருக்கமாகப் பொருத்தப்பட்டிருந்தது என்று குறித்திருக்கிறார். 1867-இல் அரசு அனுமதியோடு இயேசு சபையினர் அதை இடித்தார்கள். தமிழ்நாட்டின் செங்கல் வேலைக்கு இருந்த மிகப் பெரிய சாட்சிகளில் ஒன்று அப்படிப் போனது. பௌத்தத்தை நம் பூர்வீகம் என்று சொன்ன அயோத்திதாசப் பண்டிதருக்கு அப்போது வயது 22. எதைக் காப்பது, எதை இடிப்பது என்ற முடிவு எந்தக் காலத்திலும் வெறும் அழகை வைத்து எடுக்கப்படவில்லை.

சரி, கல் எப்படி உருவாகிறது? புத்தகத்தில் படித்ததைவிட அப்பாயி சொன்னதையே சொல்கிறேன்.

தை அறுவடை முடிந்ததும் தொடங்கும். வயலில் வேலை இருக்காது, வெயில் இருக்கும். சூளைக்காரர் வந்து வீட்டில் முன்பணம் கொடுத்துவிட்டுப் போவார். முதல் நாள் மாலை மண்ணைக் கொட்டிப் பாத்தி கட்டித் தண்ணீர் விட்டு ஊறப் போட வேண்டும். விடியற்காலை என்று சொல்ல முடியாது, நடுச்சாமம் தாண்டி இரண்டு மணிக்கே எழுந்து மண் மிதிக்க வேண்டும். வெயில் ஏறினால் மண் இறுகிவிடும். களி அதிகமானால் காயும்போது கல் வெடிக்கும், மணல் அதிகமானால் சுடும்போது உதிரும். எவ்வளவு கலக்க வேண்டும் என்பது காலுக்குத்தான் தெரியும் என்பார் அப்பாயி. மிதிக்கும்போது விரல் இடுக்கில் மண் வழுக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும், ஒட்டக்கூடாது. இதை எந்தப் பொறியியல் கல்லூரியிலும் காலால் சொல்லித் தர மாட்டார்கள்.

பிறகு அறுப்பு. அச்சை மணலில் புரட்டி, மண் உருண்டையை ஓங்கி அடிக்க வேண்டும். நான்கு மூலையும் நிறைவது அந்த ஒரு அடியில்தான். மேலே வழித்து, கவிழ்த்து, அச்சை நேராகத் தூக்க வேண்டும். கை கொஞ்சம் கோணினால் கல் கோணும். களத்தில் வரிசை வரிசையாகப் பச்சைக்கல். ஒரு பக்கம் காய்ந்ததும் குத்தாக நிறுத்த வேண்டும், பிறகு இடைவெளி விட்டு அடுக்க வேண்டும். அதன் பிறகுதான் சூளை. அடியில் விறகு போகக் கண் விட்டு, கல்லைக் கல்லாக அடுக்கி, வெளியே மண் பூசி மெழுகி, நெருப்பு வைத்தால் நாள் கணக்கில் எரியும். சீமைக்கருவேல் விறகு, உமி. புகையின் நிறத்தைப் பார்த்து உள்ளே வெந்துவிட்டதா என்று சொல்கிறவர்கள் இருந்தார்கள். ஆறிய பிறகு பிரித்தால் நடுவில் இருப்பது நல்ல கல், நெருப்புக்கு ஒட்டி இருந்தது உருகிப் போயிருக்கும், ஓரத்தில் இருந்தது வேகாத கல்.

கணக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு. புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் சேர்த்து ஒரே கணக்கு, அது புருஷன் பெயரில்தான் எழுதப்படும். அப்பாயி அறுத்த கல் எதுவும் அவர் பெயரில் எழுதப்பட்டதே இல்லை. பிள்ளைகள் பச்சைக்கல்லைத் திருப்பிப் போடுவார்கள், அதற்குக் கணக்கே கிடையாது. கோடை மழை ஒன்று திடீரென்று அடித்தால் களத்தில் இருக்கிற பச்சைக்கல் எல்லாம் கரைந்து மறுபடி மண்ணாகிவிடும். கரைந்த கல்லுக்குக் கூலி இல்லை. மழை வருவது போல் இருந்தால் எங்கள் வீட்டில் முதலில் மூடுவது கல்லைத்தான். வீட்டுக் கூரையில் ஒழுகுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அந்தக் கூரை கீற்று. சுவர் மண். நாளெல்லாம் செங்கல் அறுத்துவிட்டு ராத்திரி வந்து படுக்கும் வீட்டில் ஒரு செங்கல் கிடையாது. அடுப்புக்கு வைத்த மூன்று கல்லும் உடைசல்.

காசு இல்லாததால் மட்டும் அப்படி இல்லை. இதை இளைய தோழர்கள் புரிந்துகொள்ள வேண்டும். டெல்டாவில் பண்ணையாள் குடிசை நின்றது பண்ணையாருடைய மனையில். கூலி கூடக் கேட்டாலும் கொடி பிடித்தாலும் மறுநாள் குடிசையைப் பிரித்துப் போட்டுவிடலாம். கீற்றையும் மூங்கிலையும் பிரிக்க அரை மணி நேரம் போதும். செங்கல் சுவரை அப்படிப் பிரிக்க முடியாது. சுவர் வைத்தவன் இங்கேயே இருக்கப் போகிறேன் என்று சொல்கிறான். ஆண்டை வீட்டைத் தவிர யாரும் ஓடு போடக்கூடாது என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லும் கதைகளுக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

கீற்றுக் கூரை என்றால் என்ன என்பதை 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணி சொல்லிவிட்டது. உயிருக்குப் பயந்து ஒரே குடிசைக்குள் ஓடி ஒளிந்தவர்கள் 44 பேர். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். கொளுத்தியவர்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை. அது கல் வீடாக இருந்திருந்தால் என்று நான் கற்பனை செய்யப் போவதில்லை. சாதிவெறி வேறு வழி கண்டிருக்கும். ஆனால் எரியக்கூடிய வீட்டில்தான் நீ இருக்க வேண்டும் என்பது அந்த இரவுக்கு வெகுகாலம் முன்பே எடுக்கப்பட்ட முடிவு.

1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1971-இல் குடியிருப்பு மனையைக் குடியிருப்பவருக்கே சொந்தமாக்கும் சட்டம் வந்தது. இரண்டும் சும்மா வரவில்லை, செங்கொடி பிடித்து அடி வாங்கியவர்களின் சட்டங்கள் அவை. வெண்மணிக்குப் பிறகு நாகைப் பகுதியில் நிலத்துக்காக வேலை செய்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன், லாஃப்டி அமைப்பை 1981-இல் தொடங்கி நிலமில்லாத பெண்களின் பெயரில் நிலம் வாங்கித் தந்தார். பின்னாளில் அவர் பிடிவாதமாகப் பிடித்துக்கொண்ட இன்னொரு வேலை, குடிசைகளை எடுத்துவிட்டுக் கல் வீடு கட்டுவது. நிலத்துக்கு அடுத்து சுவர் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஓட்டைப் பற்றிக் கொஞ்சம். நாட்டு ஓடு அழகான வேலை. சக்கரத்தில் குழாய் மாதிரி வனைந்து, ஈரத்திலேயே நெடுக்காக இரண்டாக அறுத்துச் சுடுவது. ஒன்று மல்லாந்து ஒன்று கவிழ்ந்து அடுக்குவார்கள். குயவர் சமூகத்தின் கைவினை அது. அவர்களும் கோயில் குதிரையைச் செய்துவிட்டு வெளியே நின்றவர்கள்தான். பிறகு வந்தது சீமை ஓடு. பாசல் மிஷன் 1865-இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. ஏன் ஒரு கிறித்தவ மிஷனுக்கு ஓட்டு வியாபாரம்? மதம் மாறியவர்களைச் சாதி தள்ளிவைத்தது, குலத்தொழில் போனது, வயிற்றுக்கு வழி வேண்டியிருந்தது. சாதியிலிருந்து வெளியே வந்தவர்கள் ஓர் இயந்திரத்தின் முன் நின்று கூலி வாங்கிச் செய்த ஓடுதான் இந்தியா முழுக்கக் கூரையானது. மிஷனுக்கு அதில் லாபமும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனாலும், பாரம்பரியம் அழிந்துவிட்டது என்று நாட்டு ஓட்டுக்காகக் கண்ணீர் விடும்போது அந்தத் தொழிற்சாலை வாசலில் நின்றவர்களையும் நினைத்துக்கொள்கிறேன்.

இன்றைக்கு வருவோம். செப்பேடு கிடைத்த திருவாலங்காடு இப்போது திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. செங்கல் சூளைகளுக்குப் பேர்போன மாவட்டம். அங்கே 2011-இல் ஒரே சூளையிலிருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஒடிசாத் தொழிலாளர்கள் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்டார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-இல். இருளர் குடும்பங்கள் சூளைகளிலிருந்து மீட்கப்படும் செய்தி இன்றும் செய்தித்தாளின் உள்பக்கத்தில் வந்துகொண்டுதான் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் தொடக்கம் அந்த முன்பணம். சுட்ட இட்டிகையால் மாளிகை எடுத்துக்கொள்ளலாம் என்று செம்பில் வெட்டிக் கொடுத்த ஊரைச் சுற்றி, ஆயிரம் வருடம் கழித்தும், இட்டிகை சுடுகிறவர் அந்த மாளிகைக்குள் இல்லை.

ஒரு பக்கம் சூளைகள் இப்படி இருக்க, இன்னொரு பக்கம் கைச்சூளைகள் மூடப்பட்டு வருகின்றன. சாம்பல் கல், ஹாலோ பிளாக், சேம்பர் கல் வந்துவிட்டன. வண்டல் மேல்மண்ணை வெட்டிக் கல்லாக்கினால் வயல் பாழாகும் என்பதும் நிஜம், அதை விவசாயக் கூலி குடும்பத்தில் பிறந்த நான் மறுக்க முடியாது. ஆகவே ஒரு பழைய சூளையை மட்டுமாவது காப்போம் என்கிறார்கள். இங்கிலாந்தில் பர்ஸில்டன் என்ற ஊரில் 1897-இல் தொடங்கி 1974-இல் மூடிய செங்கல் ஆலையை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள் என்று உதாரணம் காட்டினார்கள். நல்லது. அதே இங்கிலாந்தில் ஜார்ஜ் ஸ்மித் என்று ஒருவர் இருந்தார். சின்ன வயதில் சூளையில் களிமண் சுமந்தவர். சூளைகளில் குழந்தைகள் படும் பாட்டைப் பற்றி 1871-இல் அவர் ஒரு புத்தகம் போட்டார். அதே வருடம் சூளைகளில் சிறுவர் சிறுமியர் வேலையைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. அங்கே சூளை அருங்காட்சியகமாவதற்கு நூறு வருடம் முன்பே சூளைப் பிள்ளைகளைப் பற்றிய சட்டம் வந்துவிட்டது. நாம் இந்த வரிசையை மாற்றிப் போடப் பார்க்கிறோம்.

நான் எதிர்க்கவில்லை, தோழர்களே. அந்த அறிவு போய்விடக் கூடாது. அரண்மனையிலும் தரங்கம்பாடியிலும் பழைய சுவரைச் சரிசெய்ய அந்த மெல்லிசான கல்லும் சுண்ணாம்பும்தான் வேண்டும். சிமெண்ட் பூசினால் பழைய சுவர் மூச்சுவிட முடியாமல் உதிரும். அந்தக் கல்லை இன்று அறுக்கத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அப்படியானால் அவர்கள் நிபுணர்கள். நிபுணருக்குத் தருகிற சம்பளத்தைக் கொடுங்கள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற கணக்கை விட்டுவிட்டு மாதச் சம்பளம் போடுங்கள், பெண்கள் பெயரில் தனியாகப் போடுங்கள். சூளையை அறுப்பவர்களின் கூட்டுறவுக்குக் கொடுங்கள். வேறு சாதிப் பிள்ளைகளும் வந்து மண் மிதித்துக் கற்கட்டும். எங்கள் பிள்ளைகளே தலைமுறை தலைமுறையாகச் செய்து காட்ட வேண்டும், மற்றவர்கள் டிக்கெட் வாங்கிப் பார்ப்பார்கள் என்றால், அதற்கு மரபு என்று பெயர் வைக்க நான் தயாராக இல்லை.

நம் பக்கத்திலேயே ஒரு குரல் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சூழலியல் நண்பர்கள் மண் வீடு கட்டச் சொல்கிறார்கள், பூசாத செங்கல் சுவர் குளிர்ச்சி என்கிறார்கள். உண்மைதான், குளிர்ச்சிதான். எங்கள் தெருவில் கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் மூன்றரை லட்ச ரூபாய்க்கு வீடு கிடைத்தவர்கள் முதலில் கேட்டது கான்கிரீட் தளமும் பூச்சும்தான். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கூரையைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் அவர்கள். மண் சுவரில் வாழ்வது ஒருவருக்கு விருப்பம், இன்னொருவருக்கு நேற்று வரை கட்டாயம். விருப்பத்தோடு கட்டாயத்தைக் குழப்பிக்கொள்ளாமல் பேசினால் நானும் உட்கார்ந்து பேசத் தயார். சுவர் பூசிக்கொள்ள ஆணை வாங்க வேண்டியிருந்த நாட்டில், பூச்சு வெறும் பூச்சு இல்லை.

அப்பாயிக்கு 90-களில் காலனி வீடு வந்தது. ஒரு அறை, மேலே தளம். கட்ட வந்த கல்லைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. தன் சூளைக் கல்தான், ஓரத்தில் இருந்த வேகாத கல். இரண்டு கல்லைத் தட்டினால் கணீர் என்று கேட்க வேண்டும், இது தொப்பென்று கேட்டது என்பார். காண்டிராக்டரிடம் சொல்லியிருக்கிறார். ஓசியில வர்ற வீட்டுக்கு இது போதாதா என்று கேட்டாராம். அந்தச் சுவர் இன்றும் மழைக்காலத்தில் உதிர்கிறது. காலையில் பெருக்கினால் முறத்தில் செம்மண் சேரும்.

கீழடியில் கிடைத்த கூரை ஓடுகளில், தண்ணீர் வடிய, ஈர மண்ணில் விரலால் இழுத்த கோடுகள் இருக்கின்றன. இரண்டாயிரம் வருடம் கடந்தும் விரல் தெரிகிறது. அது யார் விரல் என்று கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அப்பாயி விரல் யாருடையது என்று எனக்குத் தெரியும், இந்த ஊர்களில் நின்றுகொண்டிருக்கிற சுவர்களில் அது இருக்கிறது. அதனால் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். சூளையில் வேலை செய்த பெண்களின் பெயர், ஊர், எந்த எந்த வருடம், ஆயிரத்துக்கு எவ்வளவு. முதல் பக்கத்தில் அப்பாயி. தன் பிள்ளைகள் பிறந்த வருடம் அவருக்குச் சரியாக நினைவில்லை, ரேட் ஏறிய வருடங்கள் எல்லாம் நினைவில் இருக்கின்றன. உங்கள் வீட்டிலும் அம்மாவோ பாட்டியோ கல் அறுத்திருந்தால், சுமந்திருந்தால், கூட்டம் முடிந்ததும் வந்து சொல்லுங்கள். கடைசி வரிசையில் இருப்பேன். இப்போது தெரியாவிட்டால் வீட்டில் கேட்டுவிட்டு அடுத்த மாதம் வாருங்கள்.